பாசி படர்ந்த தண்ணீரும் பதிவில்லாத வருமானமும்: தென் ஆஸ்திரேலிய மீனவர் உதவித் திட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடல் கிடையாது. ஆனாலும் மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பில் நாகமரை, ஒட்டனூர் கரைகளிலும், தென்பெண்ணையாற்றில் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணையிலும் பரிசலில் போய் வலை விரிக்கிறார்கள். தண்ணீர் பச்சையாகத் திரண்டு நாற்றமெடுக்கும் நாட்களில் இவர்களுடைய வருமானம் என்ன ஆகிறது, அதற்கு அரசு என்ன செய்ய முடியும் என்ற கேள்விதான் இந்த ஆய்வுக்குக் காரணம். பதிலைத் தேட நான் எடுத்துக்கொண்டது தென் ஆஸ்திரேலியாவில் 2025-ல் நடந்த பாசிப்பெருக்கு. பணக்கார நாட்டைக் காட்டிப் பெருமூச்சு விடுவதற்காக அதை எடுக்கவில்லை. அங்கே பணம் வந்த வழியிலும் தடைபட்ட இடங்களிலும் நமக்கு நேரடியாகப் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன.

அங்கே நடந்தது

2025 மார்ச் மாதம், அடிலெய்டுக்குத் தெற்கே ஃபிளூரியு தீபகற்பத்தில் வெயிட்பிங்கா, பார்சன்ஸ் கடற்கரைகளில் அலைச்சறுக்கு விளையாடியவர்களுக்குக் கண் எரிச்சலும் இருமலும் வந்தன. கரையில் மஞ்சள் நுரை ஒதுங்கியது, மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீரைச் சோதித்தபோது கரேனியா மிக்கிமோட்டோய் என்ற நுண்பாசி தெரிந்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு கரேனியா வகைகளும் அதில் கலந்திருந்தது பிறகு தெரிய வந்தது. கங்காரு தீவு, யார்க் தீபகற்பம், செயின்ட் வின்சென்ட் வளைகுடா, கூரோங் என்று அது பரவிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 4,500 சதுர கிலோமீட்டர் பரப்பு என்று கணக்கிட்டார்கள். தருமபுரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பும் அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் வரும்.

காரணமாக மூன்றைச் சொன்னார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய கடல் வெப்ப அலை ஒன்று. கடல்நீர் வழக்கத்தைவிட ஏறக்குறைய 2.5 டிகிரி சூடாக இருந்தது. 2022-23-ல் முர்ரே ஆற்றில் வந்த பெருவெள்ளம் கடலுக்குள் அடித்துக்கொண்டு போன சத்துகள் இரண்டாவது. அடியிலிருந்து மேலே கிளம்பிய குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மூன்றாவது. இந்த மூன்றில் எதற்காகவும் ஒரு தொழிற்சாலையைக் கைகாட்டி இழப்பீடு கேட்க முடியாது. குற்றவாளி இல்லாத சேதத்துக்கு யார் பணம் கொடுப்பது? அங்கே முதல் சண்டை இதில்தான் வந்தது.

விண்கல் உண்டு, பாசி இல்லை

ஆஸ்திரேலியாவில் பேரிடர் மீட்புக்கு மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குள் வர வேண்டுமானால் நடந்தது அங்கீகரிக்கப்பட்ட இயற்கைப் பேரிடராக இருக்க வேண்டும். காட்டுத்தீ, வெள்ளம், புயல், சூறாவளி, கடல் பொங்குதல், நிலநடுக்கம், நிலச்சரிவு, ஆழிப்பேரலை, சுழற்காற்று, விண்கல் விழுதல் என்று பட்டியல் போகிறது. விண்கல் இருக்கிறது, பாசிப்பெருக்கு இல்லை.

மாநில முதல்வர் பீட்டர் மலினௌஸ்காஸ் இதை இயற்கைப் பேரிடர் என்றே சொன்னார். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் முர்ரே வாட், விதியின் வரையறைக்குள் இது வராது என்ற நிலையில் நின்றார். மார்ச்சில் தொடங்கிய சேதத்துக்கு மத்திய அரசின் பெரிய தொகை ஜூலை பிற்பகுதியில்தான் அறிவிக்கப்பட்டது. பேரிடர் என்ற பெயரைக் கடைசிவரை கொடுக்காமல், தனியாக 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கினார்கள். மாநிலமும் அதே அளவு போட்டது. இரண்டும் சேர்ந்து 2.8 கோடி டாலர், நம் கணக்கில் 150 கோடி ரூபாய்க்கு மேல். அக்டோபரில் கோடைகாலத் திட்டம் என்ற பெயரில் இரு அரசுகளும் சேர்ந்து 10.25 கோடி டாலரை அறிவித்தன.

நடுவே போன மாதங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். படகுக் கடன் தவணை ஜூலை வரை காத்திருக்காது. செத்த மீன் கரை ஒதுங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், நல்ல கடலிலிருந்து வந்த மீனையும் வாங்கத் தயங்கினார்கள். பெயர் வைப்பதில் இரண்டு அரசுகள் முரண்பட்ட காலம் முழுக்க, மீன்பிடித் தொழிலில் இருந்தவர்கள் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் கதை இன்னும் மோசம். 2015-16 பருவத்தில் கலிபோர்னியாக் கடலில் பாசி நஞ்சு நண்டில் ஏறியதால் டஞ்சனஸ் நண்டுப் பிடிப்பு பல மாதம் தள்ளிப்போனது. அங்கே மீன்வளப் பேரிடர் என்று ஒரு வகையே சட்டத்தில் இருக்கிறது. இருந்தும் மத்திய அறிவிப்பு 2017 ஜனவரியில் வந்தது. 2.58 கோடி டாலர் ஒதுக்கீடு 2018-ல் வந்தது. சட்டத்தில் பெயர் இருந்தாலும் பணம் வருவதற்கு நாள் குறிக்கப்படவில்லை என்றால் இதுதான் நிலைமை.

பணம் யார் கைக்குப் போனது

தென் ஆஸ்திரேலியத் திட்டத்தில் தொழிலுக்கு நேரடியாகப் போன உதவி இரண்டு மட்டத்தில் இருந்தது. மீன்பிடியையும் கடற்கரைச் சுற்றுலாவையும் நம்பியிருந்த சிறு தொழில்களுக்கு 10,000 டாலர் வரை, அதாவது ஐந்தரை லட்சம் ரூபாய் அளவுக்கு மானியம். மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் சிப்பி போன்ற வளர்ப்புத் தொழில் செய்பவர்களுக்கும் 1,00,000 டாலர் வரை தனி மானியம். உரிமக் கட்டணத்திலும் சலுகை கொடுத்தார்கள். இவை தவிரக் கரையைச் சுத்தம் செய்யவும், ஆராய்ச்சிக்கும், சுற்றுலாவைத் திரும்ப இழுக்கவும் பணம் போனது.

சிறுதொழில் மானியத்துக்கு முக்கியத் தகுதி, வரவு குறைந்தது 30 சதவீதமாவது சரிந்திருக்க வேண்டும் என்பது. இந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. செத்த மீனை எண்ண வேண்டாம், உடைந்த படகைக் காட்ட வேண்டாம், வருமானம் விழுந்ததைக் காட்டினால் போதும். பாசிப்பெருக்கு படகை உடைப்பதில்லை, வலையைக் கிழிப்பதில்லை. சேதம் முழுக்க நடக்காமல் போன வியாபாரத்தில்தான் இருக்கிறது. அதை அளக்க வருமானக் குறைவைத் தவிர நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்த விதிக்குள் நுழைய முந்தைய ஆண்டின் வரவு செலவு எழுத்தில் இருக்க வேண்டும். தொழில் பதிவும் உரிமமும் பெயரில் இருக்க வேண்டும். படகில் கூலிக்குப் போகிறவருக்கு மானியத்தில் நேரடி இடமில்லை, ஏனென்றால் அது தொழிலுக்கான மானியம். முதலாளிக்கு வந்ததில் அவருக்கு எவ்வளவு வரும் என்பது முதலாளியைப் பொறுத்தது. ஒழுங்காகக் கணக்கு எழுதும் நாட்டிலேயே இந்த ஓட்டை இருந்தது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது, அது பரிசோதனை. சிப்பியில் பிரெவிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க முதலில் மாதிரிகளை நியூசிலாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முடிவு வரும்வரை சிப்பிப் பண்ணைகள் மூடிக் கிடந்தன. அதனால் பின்னால் வந்த பணத்தில் ஒரு பங்கு, உள்ளூரிலேயே சோதனை செய்யும் வசதிக்குப் போனது. இதை நான் ஆராய்ச்சிச் செலவாகப் பார்க்கவில்லை. சோதனை முடிவு ஒரு நாள் முந்தி வந்தால் பண்ணை ஒரு நாள் முந்தித் திறக்கும். அந்த ஒரு நாள் வருமானம் எந்த விண்ணப்பமும் இல்லாமல் வீடு வந்து சேரும்.

நம் கரை

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 120 அடி. நீர் இறங்கும் மாதங்களில் வெளியே தெரியும் வண்டல் நிலத்தில் சாகுபடி நடக்கிறது. மீண்டும் அணை நிரம்பும்போது அறுவடை முடிந்த தாள், செடி கொடி, போட்ட உரத்தின் மிச்சம் எல்லாம் தண்ணீருக்குள் போய் அழுகுகின்றன. மேலிருந்து காவிரி கொண்டுவரும் கழிவும் சேர்கிறது. காற்றில்லாமல் வெயில் அடிக்கும் நாட்களில் நீலப்பச்சைப் பாசி மேலே திரண்டு, கரையோரம் பச்சை வண்ணத்தைக் கொட்டியதுபோல் படிந்து நாற்றமெடுக்கிறது. சேலம் பக்கத்துக் கரைகளில் நாற்றத்தைக் குறைக்க நுண்ணுயிர்க் கரைசல் தெளித்த செய்திகளைப் பலரும் படித்திருப்பீர்கள். நாகமரையும் ஒட்டனூரும் அதே தண்ணீரின் மறுகரை.

தென்பெண்ணையின் கதை வேறு மாதிரி. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் கழிவு இந்த ஆற்றில்தான் கலக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழும்புவது மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அந்தத் தண்ணீர் கீழே வந்து 52 அடி கே.ஆர்.பி. அணையில் தேங்குகிறது. 9,012 ஏக்கர் பாசனம் அதை நம்பி இருப்பதால் தண்ணீர் கெட்டுப்போனால் முதலில் விவசாயிகளின் குரல் கேட்கும், அது நியாயமும்கூட. வலை போடுகிறவரின் குரல் அதற்குப் பின்னால்தான் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை அணையைப் பார்க்க வந்து வறுத்த மீன் வாங்கிச் சாப்பிடும் கூட்டத்தை நம்பி அடுப்பு மூட்டும் பெண்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

பாசி மீனைக் கொல்லும் விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பகலில் பாசி பிராணவாயு விடும். இரவில் அதுவும் மூச்சு வாங்கும், தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்பான நேரத்தில் அளவு மிகக் கீழே போகும். மீன்கள் வாயை மேலே தூக்கித் தத்தளிப்பது அப்போதுதான். பாசி மொத்தமாகச் செத்து அழுகத் தொடங்கினால் இன்னும் மோசம். கட்லா, ரோகு முதலில் போகும். ஜிலேபி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மீன் சாகாத நாட்களிலும் தொழில் கெடும். பாசி ஒட்டிய வலை கனக்கும், தடிக்கும், மீனுக்குத் தெரிந்துவிடும். பிடித்த நேரத்தைவிட வலை அலசும் நேரம் அதிகமாகும்.

மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. பச்சைப் படலம் திரண்ட இடத்தில் ஆடுமாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. அங்கே செத்து மிதக்கும் மீனைக் கருவாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டு, மீனவர் அன்றைக்கு என்ன சாப்பிடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒகேனக்கலிலும் இதற்கு இணையான ஒன்று நடக்கிறது. காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. உயிர்ப் பாதுகாப்புக்காகப் போடும் தடை, சரியான தடை. அதே உத்தரவால் பரிசல் ஓட்டுகிறவர், எண்ணெய் தேய்க்கிறவர், மீன் சமைத்துக் கொடுக்கிற பெண் எல்லோருக்கும் அன்றைய கூலி நின்றுபோகிறது. உத்தரவின் தாளில் அந்தக் கூலிக்கு ஒரு வரியும் இல்லை.

இருக்கிற விதிகள் எங்கே நிற்கின்றன

கடல் மீனவருக்குத் தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடை, குடும்பத்துக்கு 8,000 ரூபாய். தொகை போதுமா என்பது தனிப் பேச்சு. அரசு தொழிலை நிறுத்தினால் அரசு ஈடு கொடுக்கும் என்ற கொள்கையைத் தமிழ்நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. நீர்த்தேக்கத்தில் பிடிப்பவருக்குப் பாசியாலோ கழிவாலோ தொழில் நின்றால் அப்படி எழுதிவைத்த ஏற்பாடு இல்லை.

பேரிடர் நிதிப் பக்கம் போனால் ஆஸ்திரேலியாவில் பார்த்த அதே சுவர் நிற்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு அறிவித்த பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிரலையும் என்று 2022-26 விதிப்படி 12 இருந்தன. பயிரைப் பூச்சி தின்றால் பேரிடர். தண்ணீரைப் பாசி மூடினால் இல்லை. மீன்வளத்துக்கென்று இருக்கும் தொகைகளும் படகு, வலையைச் சுற்றியே இருக்கின்றன. 2022-26 விதிப்படி பகுதி சேதமான படகுக்கு 6,000, முழுதும் போன படகுக்கு 15,000, வலைக்கு 3,000 அல்லது 4,000 ரூபாய். பாசி எதையும் உடைக்காததால் இந்த வரிகளில் எதுவும் பொருந்தாது.

ஆனால் சுவரில் ஒரு கதவும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்றை மாநிலம் தன் அளவில் பேரிடராக அறிவித்து, அந்த நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை செலவிடலாம். தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை அப்படி அறிவித்தது. கேரளா 2025 மே மாதத்தில், எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியதை மாநிலப் பேரிடராக அறிவித்து, மீனவக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் கொடுத்தது. சிறிய தொகைதான். ஆனால் கப்பல் மூழ்கிச் சில நாட்களுக்குள் அறிவிப்பு வந்துவிட்டது.

நமக்கு இன்னும் நெருங்கிய முன்னுதாரணம் எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. படர்ந்த எண்ணெய்க்கு யார் பொறுப்பு என்ற விசாரணை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, மாநில அரசு அதே மாதத்தில் 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. மீனவர் அல்லாத குடும்பங்களும் இதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தென் ஆஸ்திரேலியா மானியத்தைத் தொழிலின் பெயரில் கொடுத்தது, எண்ணூரில் குடும்பத்தின் பெயரில் கொடுத்தார்கள். கூலிக்குப் போகிறவரையும், மீன் வறுத்து விற்பவரையும் எட்டுவதற்கு எண்ணூர் முறைதான் பொருத்தம் என்பது என் கருத்து. காரணத்தைத் தீர்ப்பதற்குள் வயிற்றைக் காயப்போடாமல் முதலில் கொடு, பொறுப்பாளி யாரென்று பிறகு பார் என்ற வரிசையும் அங்கே சரியாக இருந்தது. தென்பெண்ணையில் கழிவு மாநில எல்லை தாண்டி வருகிறது, பொறுப்பைத் தீர்மானிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அசுத்தம் செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. அந்தக் கொள்கையின்படி கொடுத்த பணத்தை அரசு பிறகு வசூலித்துக்கொள்ளட்டும்.

கணக்கு என்ற இடத்தில் சிக்கல்

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர்த்தேக்கத்தில் பிடிக்கும் ஒரு குடும்பம் நாளைக்கு 600 ரூபாய், மாதம் 25 நாள் என்று 15,000 ரூபாய் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாசி வந்த மாதத்தில் 15 நாள் தொழிலே இல்லை. மீதி 10 நாளில் பாதி விலைதான் கிடைத்தது. வந்தது 3,000. குறைவு 80 சதவீதம். தென் ஆஸ்திரேலியாவின் 30 சதவீத அளவுகோலை இந்தக் குடும்பம் அனாயாசமாகத் தாண்டிவிடும்.

அதை நிரூபிக்கத்தான் தாள் இல்லை. மீனவர் சங்கத்தில் எடை போட்ட மீனுக்குச் சீட்டு இருக்கும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்குக் கரையிலேயே கொடுத்த மீனுக்கு எதுவும் இருக்காது. முன்பணம் வாங்கியவர் விலை பேசவும் முடியாது, சீட்டுக் கேட்கவும் முடியாது. உரிமம் அண்ணன் பெயரில் இருக்கும், தம்பியும் மனைவியும் சேர்ந்து உழைப்பார்கள். மீன் கழுவி வறுக்கும் அக்காவுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இருக்காது. ஆகவே வெளிநாட்டு விதியை அப்படியே கொண்டுவந்தால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி வெளியே நிற்பார்கள்.

இதற்கு வழி தனித்தனியாகக் கணக்குக் கேட்காமல் நீர்நிலைக்குக் கணக்குப் பார்ப்பது. ஓர் அணையில் சங்கத்தின் எடைப்பதிவு முந்தைய மூன்று ஆண்டுகளின் அதே மாதச் சராசரியைவிட 30 சதவீதம் விழுந்திருந்தால், அந்த அணையைச் சார்ந்த எல்லாக் குடும்பங்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எடைப்பதிவு சங்கத்திலும் மீன்வளத் துறையிலும் இருக்கும், மீனவர் தேட வேண்டியதில்லை. சங்கத்துக்கு வராத மீன் கணக்கில் விடுபடும் என்பது உண்மை. விடுபடும் பங்கு ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாத வரை, சரிவின் சதவீதம் ஓரளவு சரியாகவே வரும்.

மனுவில் எழுத வேண்டியது

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுக்களில் பெரும்பாலும் "தண்ணீர் கெட்டுவிட்டது, நடவடிக்கை எடுக்கவும்" என்று இருக்கும். அதற்குப் பதிலாகத் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள், அனுப்பினார்கள் என்ற அளவில் முடிந்துவிடும். நாகமரை, ஒட்டனூர், கே.ஆர்.பி. அணை மீனவர் சங்கங்கள் மனு எழுதினால் வேறு விதமாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதல் பத்தியில் நாளும் இடமும் இருக்கட்டும்: பச்சைப் படலம் எந்தத் தேதியில் எந்தக் கரையில் தெரிந்தது, மீன் எந்தத் தேதியில் மிதந்தது, கைபேசியில் எடுத்த படங்கள். அடுத்து சங்கத்தின் எடைப்பதிவு நகல், இந்த மாதமும் முந்தைய மூன்று ஆண்டுகளின் இதே மாதமும். அப்புறம் குடும்பப் பட்டியல். உரிமம் உள்ளவர் மட்டும் போதாது. கூட வலை இழுப்பவர், மீன் விற்பவர், வறுப்பவர் என்று ஆதார் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் ஊர்க் கூட்டத்தில் படித்து ஒப்புக்கொண்ட பட்டியல். பாசி வருவதற்கு முன்பே, தண்ணீர் தெளிவாக இருக்கும் மாதத்தில் இதைத் தயாரித்து வைப்பது நல்லது. பாசி வந்த பிறகு தயாரிக்கும் பட்டியலில் சண்டைதான் வரும்.

கேட்பதும் குறிப்பாக இருக்க வேண்டும். மாதிரி எடுத்த ஏழு நாளில் சோதனை முடிவைக் கரையில் ஒட்ட வேண்டும், மீன் சாப்பிடலாமா கூடாதா என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். மீன்பிடிக்கத் தடை போட்டால் அந்த உத்தரவிலேயே நாளொன்றுக்கு இவ்வளவு என்று குடும்ப உதவித்தொகை குறிக்க வேண்டும். அந்த ஆண்டின் உரிமக் கட்டணத்தையும் குத்தகைத் தொகையையும் தடை நாட்களுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். மாநில அளவில், உள்நாட்டு நீர்நிலைகளில் பாசிப்பெருக்கையும் மொத்த மீன் இறப்பையும் மாநிலப் பேரிடராக அறிவிக்க மாவட்ட ஆட்சியர் பரிந்துரைக்க வேண்டும். மனுவோடு எண்ணூர்த் தொகைகளை ஒரு தாளில் எழுதி இணைத்துவிட்டால், இப்படி ஒரு வழக்கம் இல்லையே என்ற பதிலுக்கு இடமிருக்காது.